மூத்தாளுக்கு ஒரு கையுறை

பழைய சோபா ஒன்று பட்டறைக்கு வந்தால் குஷன்காரம்மா எடுத்த எடுப்பில் அதைக் கிழிக்க மாட்டாள். உள்ளங்கையை விரித்து மெத்தைமேல் வைத்து, மெல்ல அழுத்திப் பார்ப்பாள். இந்த மூலையில் ஒரு கனத்த மனுஷன் சாய்ந்து சாய்ந்து தூங்கியிருக்கிறான், அந்த ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று பஞ்சில் விழுந்த பள்ளமே அவளுக்குச் சொல்லிவிடும். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வராது. இன்னொருத்தர் உட்கார்ந்த பள்ளத்தில் போய் உட்காருவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் வாழ்க்கைப்பட்டதே அப்படி ஒரு பள்ளத்தில்தானே.

வயசு போன பிறகு நடந்த கல்யாணம் அது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே அவளுடைய நல்ல வயசெல்லாம் ஓடிவிட்டது. அப்பா போன பிறகு, லாரி சீட்டைத் தைக்கக் கொண்டுவந்தார் ஒரு டிரைவர். சீட்டு திரும்பவும் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு கிழிசலும் இல்லாமல் வந்தது. எங்கே கிழிந்திருக்கிறது என்று இவள் கேட்க, தேடிப் பாருங்கள், எங்கேயாவது இருக்கும் என்றாராம் அவர். பெண்டாட்டியை இழந்தவர், வளர்ந்த மகன் ஒருத்தன் என்று எல்லாம் தெரிந்துதான் சரி என்றாள். வீட்டுக் கூடத்துச் சுவரில் மூத்தாளின் படம் மாட்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, அதன் கீழே தினமும் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவது வேறு.

படத்தில் மூத்தாள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் என்ன? உருளைக்கிழங்கு உரிக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், வயசு ஏற வேண்டாம். செத்துப்போன மாடு எட்டுப் படி கறந்தது என்று சொல்வார்களே, அந்தக் கதையாக மூத்தாளின் பெருமை அந்த வீட்டில் நாளுக்கு நாள் வளர்ந்தது. அவள் கேக் சுட்டால் தெருமுனை வரை மணக்குமாம். அவள் துவைத்தால் வெள்ளைத் துணி கண்ணைப் பறிக்குமாம். இவளும் கேக் சுட்டாள். மகன் தின்றுவிட்டு, "நல்லா இருக்குங்க" என்பான். அந்த வார்த்தையைத் தட்டில் வைத்து நாய்க்குப் போட்டால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

வந்த புதிதில் அவள் ஒரு காரியம் செய்தாள். ஜன்னலோரம் இருந்த சாய்வு நாற்காலியில் மூத்தாள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அவள் கைக்கு அது பொறுக்கவில்லை. ஒரே பகலில் மெத்தையைப் பிரித்து, பழைய பஞ்சை உதறிக் கொட்டி, புதுசு அடைத்து, பலகை மாதிரித் தைத்து வைத்தாள். நல்லது செய்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்த மகன், வழக்கம்போல அதில் போய் விழுந்தான். சுட்டுக்கொண்டவன் மாதிரி எழுந்தான். அப்படியே வெளியே போய்விட்டான். அவன் தினமும் அம்மா விட்டுப்போன பள்ளத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவன் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சண்டை கிடையாது, மரியாதைக் குறைவு கிடையாது. "இதைக் கொஞ்சம் பாருங்க" என்பான், "சாப்பிட்டீங்களா" என்பான். மரியாதை முழுக்கப் பேச்சின் வாலில் இருக்கும், முறைப்பேர் இருக்க வேண்டிய தலை மட்டும் மொட்டை. கல்யாணமாகி வந்த மருமகள் ஒரு வாரம் "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த வார்த்தை சோப்புக் கட்டி மாதிரித் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று.

மகன் குடும்பம் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே குடியேறியது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மகனுக்கு லிஃப்ட், மருமகளுக்கு மருந்துக்கடை. அதனால் பள்ளிக்கூடம் விட்டால் இரண்டும் நேராக இவளிடம்தான். தலை சீவி விடுவது, பால் காய்ச்சிக் கொடுப்பது, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் இவள். பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னதுக்கு நாலு. பெரியவர்கள் வாயைப் பார்த்துத்தானே பிள்ளைகள் பேசும். "இங்க வாங்க, தண்ணி குடுங்க" என்று அவையும் மொட்டைத் தலையாகவே பேசின. பாட்டி என்றால் சுவரில் இருப்பவள். பள்ளி விட்டு உள்ளே நுழைந்ததும் படத்தைப் பார்த்து "பாட்டி, குட் ஈவினிங்" என்றுவிட்டு, இவளிடம் "ஷூவைக் கழட்டுங்க" என்று காலை நீட்டும் சின்னது.

கிறிஸ்துமஸ் வந்தால் இவள் வயிறு இன்னும் கொஞ்சம் எரியும். பெரியவர்களுக்குக் கடையில் வாங்கின பரிசு கூடாது, குழந்தைகள் கையால் செய்துதான் கொடுக்க வேண்டும் என்பது மருமகளின் சட்டம். வெளியூரில் இருக்கும் தாய்வழித் தாத்தா பாட்டிக்குக் காய்ந்த பூ ஒட்டின வாழ்த்து அட்டை போகும். டிரைவர் தாத்தாவுக்குத் தகர டப்பாவில் கயிறு சுற்றிக் கண்ணாடி வைக்கும் கூடு செய்வார்கள். சுவரில் இருக்கும் பாட்டிக்கும் ஒன்று உண்டு. ஒரு வருஷம் பொத்தான் ஒட்டின சட்டம். இன்னொரு வருஷம் உருளைக்கிழங்கை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தின கைக்குட்டை. அதையெல்லாம் படத்துக்குக் கீழே இருக்கும் பலகையில் வைத்துக் கும்பலாக நின்று கை தட்டுவார்கள்.

பொத்தான் யார் கொடுத்தது? இவள். சாயம் கொட்டின மேஜையைத் துடைத்தது? இவள்தான். சின்னதின் தலைமயிரில் ஒட்டின கோந்தை வெந்நீர் வைத்துக் கரைத்ததும் இவளேதான். பரிமாறுகிறவளுக்குத் தட்டு வைக்க மறந்த கதையாக இவளுக்கு மட்டும் ஒன்றும் வராது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்தால் சண்டையாவது போடலாம். கேட்டு வாங்குவதற்கு அவள் பிடிவாதம் விடவில்லை. போன வருஷம் தானே ஒரு ஸ்கார்ஃப் வாங்கி, தானே பளபளப்புத் தாளில் கட்டிக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்து, "பட்டறையில குடுத்தாங்க" என்று சொல்லிப் பிரித்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த ஸ்கார்ஃபை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

இந்த வருஷம் விடுமுறை விட்டதும் பெரியவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். பாட்டிக்குக் கையுறை செய்ய வேண்டும், அடுப்பிலிருந்து சூடான கேக் தட்டை எடுப்பதற்கு. அதுவும் கடையில் விற்கிற மாதிரி மொண்ணைக் கையுறை இல்லை, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்க வேண்டும். சுவரில் இருப்பவர் இப்போது கேக் சுடுவதில்லையே என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மேலே சொர்க்கத்தில் சுடுகிறார்கள், அப்பா சொன்னார் என்று பதில் வந்தது. மேலே போயும் விடவில்லை பார் என்று நினைத்துக்கொண்டே, பட்டறைத் துண்டுத் துணிகள் இருந்த பையை எடுத்து வந்தாள்.

பையில் ஒரு கருஞ்சிவப்புத் துணி இருந்தது. பெரிய இடத்துச் சோபாவுக்கு வெட்டின மிச்சம், வெல்வெட் மாதிரி, கையால் தடவினால் ஒரு பக்கம் இருட்டும் மறுபக்கம் வெளிச்சமுமாகப் போகும். தன் தலையணைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். குழந்தை கை நேராக அதன்மேல் போய் விழுந்தது. பாட்டிக்கு இதுதான் பிடிக்கும் என்றாள் பெரியவள், ஏதோ நேற்றுதான் பாட்டியோடு கடைக்குப் போய் வந்தவள் மாதிரி. இவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் இல்லை என்று சொன்னால் அற்பம் என்று ஆகிவிடும். எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாள். வீம்புக்குக் கொடுத்தது, விருப்பத்துக்கு அல்ல.

அடுத்தது அளவு. படத்தில் மூத்தாள் தோள்வரைதான் இருந்தாள். சின்னது நாற்காலியில் ஏறி, படத்தைச் சற்றே தூக்கி, கை பின்னால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள் பெரியவள். வீட்டில் இருந்த ஒரே பெரிய பெண்கை இவள் கைதான்.

இவள் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். வேண்டுமென்றேதான் இடது கையை வைத்தாள். வலது கையின் ஆள்காட்டி விரல் நுனி அவளுக்கு இல்லை. ஸ்பஞ்சு வெட்டுகிற மெஷின் ஒரு நாள் நகத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. கேக் தட்டை வலது கையால்தானே எடுப்பார்கள், வலது கையைக் கொடுங்கள் என்று பிடித்து இழுத்து, தாளின்மேல் அமுக்கினாள். நாக்கை வெளியே துருத்திக்கொண்டு பென்சிலை ஓட்டினாள். கட்டை விரலைச் சுற்றியது, ஆள்காட்டி விரலில் ஏறியது, சீக்கிரமே மேடு முடிந்து இறங்கியது, நடுவிரலில் உயர ஏறியது. பெரியவள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை.

இவளுக்குத் தெரியும். இடது கையை வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டால் முழு விரலோடு வலது கை வந்துவிடும். நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் உறை தைக்க ஒரே தாளைத் திருப்பிப் போட்டு வெட்டுகிறவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சின்னது படத்துக் கண்ணாடியைத் தட்டி, "பாட்டி, உங்களுக்கு அளவெடுத்தாச்சு" என்றது.

இவள் வாய் மூடிக்கொண்டது. தெரியாமல் விடவில்லை, மறந்தும் விடவில்லை. துணி என்னுடையது, கை என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கா என்று ஒரு கொதி. எல்லாம் முழுசாகக் கிடைத்த மகராசிக்கு ஒரு விரல் குறைந்தால் என்ன, குடியா முழுகிவிடும்? குறையோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மற்றதெல்லாம் அவள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள். கோட்டின்மேலேயே வெட்டக் கூடாது, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு பொம்மைக்குத்தான் ஆகும். உள்ளே பழைய போர்வைத் துணி வைத்தால் சூடு ஏறாது. குழந்தைகளுக்கு ஊசி குத்திவிடும் என்று ஓரம் முழுக்கக் குத்தூசியால் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். ஷூவுக்கு லேஸ் கோப்பது போல் அவர்கள் கம்பளி நூலைக் கோத்துக்கொண்டே போனார்கள். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற மூலையில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, மரக்கரண்டிக் காம்பை விட்டு உள்ளதை வெளியே திருப்பக் காட்டினாள். கட்டை விரல் வந்தது, சின்னது கை தட்டியது. ஆள்காட்டி விரல் வந்தபோது இவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"சரியா வந்திருக்கா?" என்று கத்திக் கேட்டாள் பெரியவள்.

"வரைஞ்சபடிதானே வந்திருக்கு" என்றாள் இவள். பொய் இல்லை பாருங்கள், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுநாள் பட்டறையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆணியைத் தப்பாக அடித்து இரண்டு தடவை பிடுங்கினாள். சட்டம் அடிக்கிற தச்சன் அவளோடு ரொம்பக் காலம் வேலை பார்க்கிறவன், என்ன ஏது என்று கிண்டினான். பாதி சொன்னாள், மீதியை அவனே பிடித்துக்கொண்டான்.

"செத்துப் போனவங்களோட என்னக்கா போட்டி?"

"உயிரோட இருக்கறவகூடப் போட்டின்னா நான் ஜெயிச்சிருப்பேன்டா" என்றாள்.

அவன் சிரித்தான். சரி, இன்றைக்கே போய் அந்த விரலைச் சரி பண்ணிவிடுங்கள் என்றான். பார்க்கலாம் என்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பார்க்கத்தான் செய்தாள். கையுறை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் இருந்தது. எடுத்தாள், தன் கையில் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது இல்லையா, விரல் விரலாகப் போய் உட்கார்ந்தது. குட்டை விரல்கூட இடம் மிச்சமில்லாமல், நுனி தொட்டு நின்றது. கடையில் எந்தக் கையுறை வாங்கினாலும் அந்த ஒரு விரல் மட்டும் காலியாகத் தொங்கும் அவளுக்கு. பிரிக்க மனசு வரவில்லை. கொடுக்கவும் மனசு வரவில்லை. திரும்பச் சுற்றி வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள். டிரைவர் தாத்தா புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னது கையுறையைக் கோழிக்குஞ்சைத் தூக்குவது போல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது. படுக்க வைத்தால் அழகாக இல்லை என்று பெரியவள் ஒரு பாட்டில்மேல் அதைக் கவிழ்த்துப் பலகையில் நிறுத்தினாள். ஒரு சிவப்புக் கை, படத்துக்குக் கீழே, நிறுத்து என்று சொல்வது போல் எழுந்து நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மகன்தான் கிட்டே போனான். சாய்ந்திருந்ததை நேராக்கப் போனவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். பாட்டிலிலிருந்து கழற்றினான். ஆள்காட்டி விரலை அமுக்கிப் பார்த்தான், துணி மடிந்து உள்ளே போயிருக்கிறதா என்று மேஜையில் கிடந்த பென்சிலை விட்டுத் தள்ளிப் பார்த்தான். அதற்குமேல் விரல் இல்லை.

"எங்கம்மாவுக்கு எல்லா விரலும் இருந்தது" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை.

"பாட்டி கை அப்படித்தான் இருக்கும்" என்றது சின்னது, அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல்.

பெரியவளின் முகம் சுருங்கிவிட்டது. பாட்டி படத்தில் கை இல்லை, அதனால் இவர்கள் கையில்தான் அளவெடுத்தோம் என்று விரலை நீட்டிக் காட்டினாள். எல்லாரும் இவள் கையைப் பார்த்தார்கள். கையில் கேக் தட்டு. ஒளிக்க வழியில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் மகன்.

டிரைவர் முந்திக்கொண்டார். அவளுக்குக் கண் இப்போதெல்லாம் சரியில்லை, ஊசி கோக்கவே என்னைக் கூப்பிடுகிறாள் என்று என்னென்னவோ சொல்லி இழுத்தார். நல்ல மனுஷன், பள்ளத்தைக் கண்டால் வண்டியை ஒடித்துத் திருப்பியே பழக்கம். கொஞ்சம் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அப்படியே அமுங்கிப் போயிருக்கும். அவளால் முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடது கையை வரைஞ்சு தாளைத் திருப்பிப் போட்டா முழு விரல் வந்திருக்கும். தெரிஞ்சேதான் சொல்லல."

"ஏன்?"

"பொறாமைதான். வேற என்ன."

மருமகள் ஜன்னலைப் பார்த்தாள். டிரைவர் இருமினார். இவளுக்கோ திறந்த வாய் மூடவில்லை. படத்துக்கு வருஷா வருஷம் ஒன்று வருகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை என்றாள். போன வருஷ ஸ்கார்ஃபை நானே வாங்கி நானே கட்டி வைத்தேன் என்றாள்.

"பட்டறையில குடுத்தாங்கன்னு சொன்னியே" என்றார் டிரைவர்.

"சொன்னேன்."

இவ்வளவும் பெரியவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, தன் கையுறை கெட்டுப்போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற அழுகை. அதைத்தான் இவளால் தாங்க முடியாது. "அழாத, விரலை வளத்துடலாம்" என்று சொல்லி, தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கருஞ்சிவப்புத் துணியில் மிச்சமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு இருந்தது, அதை எடுத்தாள். ஆள்காட்டி விரலின் நுனித் தையலைப் பிரித்து, காணாமல் போன அளவுக்குச் சாம்பல் துணியை மடித்து வைத்து, சுற்றித் தைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மூத்தாளுக்கு விரல் முளைக்க வைத்துக்கொண்டிருந்தாள். சின்னதுக்குத்தான் சம்மதமில்லை, இப்போது இது பாட்டி கை மாதிரியே இல்லை என்று முணுமுணுத்தது.

மகன் எதிரே வந்து அவனும் தரையில் உட்கார்ந்தான். ஊசியை ஆள்காட்டி விரலால் தள்ள முடியாமல் நடுவிரலால் அவள் தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, யாரிடமோ சொல்வது போல், கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இதுங்க ரெண்டும் ஸ்கூல் விட்டதும் உங்களைத்தான் தேடுதுங்க. காய்ச்சல் வந்தா எங்களைக்கூடக் கேக்கறதில்ல, கீழ போகணும்ங்குது. எங்கம்மாவைத் தேட நான் ஒருத்தன்தான் இருக்கேன். பாட்டிங்கற பேரையும் உங்களுக்குக் குடுத்துட்டா அவங்க வெறும் படமாப் போயிடுவாங்க. அதான்."

இவள் ஊசியை நிறுத்தினாள். தனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவன் அம்மாவுக்காக இவள்மேல் எரிந்துகொண்டிருந்திருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

"உங்கம்மாவை நான் எங்க கொண்டுபோயிடப் போறேன்? தினமும் துடைக்கறது நான்தான். போன வாரம்கூடச் சட்டத்துக்கு வேற ஆணி அடிச்சேன், விழுந்துடுமோன்னு" என்றாள். பாசத்தில் அடிக்கவில்லை, விழுந்தால் பழி என்மேல் வரும் என்றுதான் அடித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான்.

கடைசி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கப் போனாள். கத்தரிக்கோல் அவன் பக்கம் கிடந்தது. எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க சித்தி."

வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி அந்த வார்த்தை கூடத்து நடுவில் நின்றது. கேட்டவர்கள் எல்லாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். இவள் கத்தரிக்கோலை வாங்கி நூலை வெட்டினாள். "உம்" என்றாள், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அவள் நூலை வெட்டியபோது வெட்ட அங்கே நூலே இல்லை.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? அப்பாவுக்குச் சித்தி என்றால் எங்களுக்கு என்ன என்று பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். சின்னப் பாட்டியா என்றாள்.

"சின்னவும் வேண்டாம், பெரியவும் வேண்டாம். பாட்டின்னு கூப்பிடு" என்றாள் இவள்.

"பாட்டி அங்க இருக்காங்களே."

"அவங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. நான் வருவேன்."

மகன் மூச்சை இழுத்துப் பிடித்தான். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா வேறு எதுவா தெரியவில்லை. அவன் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையுறையை வாங்கி, பாட்டிலில் மாட்டி, படத்துக்குக் கீழே நிறுத்தினான். சாம்பல் நுனியைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வந்து கேக்கை எடுத்தான்.

பெரியவளுக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றாள். கேட்டுவிட்டேன் இல்லையா, இனி செய்து கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றாள் இவள். அவசரமில்லை, ஆனால் மறக்கக் கூடாது. கையுறை வேண்டாம், அவர்களுக்குக் கொடுத்தது எனக்கு வேண்டாம். அப்புறம், இந்தத் தடவை துணியும் கோந்தும் நான் தரமாட்டேன், உங்கள் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், மேஜையையும் அவளே துடைக்கட்டும். மருமகள் தலையை ஆட்டினாள். அத்தை சொன்னால் சரிதான் என்றாள், அந்தத் தேய்ந்த சோப்பை எங்கிருந்தோ தேடி எடுத்தது போல்.

சாப்பாடு முடிந்து இவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து "பாட்டி" என்று சின்னதின் குரல் கேட்டது. பழக்கதோஷம், இவள் அசையவில்லை. அந்தக் குரல் எப்போதும் சுவருக்குப் போகிற குரல். திரும்பவும் கூப்பிட்டது. சோப்பு நுரையை உதறிவிட்டுப் போனாள். சின்னது நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வர்றீங்களான்னு பாத்தேன்."

திரும்பி வந்து ஒரு தட்டைக் கழுவியிருப்பாள், மறுபடி கூப்பிட்டது. போனாள். அடுத்த தட்டுக்கு மறுபடி. மருமகள் வந்து குழந்தையை அதட்டினாள், அவர்களுக்கு வேலை இருக்கிறது, சும்மா கூப்பிடாதே என்று. கூப்பிடட்டும் விடு என்றாள் இவள். ஒவ்வொரு தடவையும் ஈரக்கையோடு கூடத்துக்குப் போனாள். போய் நின்று "வந்துட்டேன்" என்றாள், குழந்தைக்குக் கேட்க வேண்டியதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். சுவரில் இருப்பவளுக்கும் கேட்கட்டுமே.